அந்த 42-ஆம் நாள்

2013 ஆனி மாதக் கடைசியில் எனக்குக் கட்டுச்சோறு போட்டார்கள், பிள்ளை உண்டான பெண்ணுக்குத் தாய்வீட்டார் செய்கிற சடங்கு. அம்மா வீட்டு ஆட்கள் இரண்டு காரில் கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டி, கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டுக்கு வந்திறங்கினார்கள். ஏழு போசி, அதாவது ஏழு பாத்திரம். புளிசோறு, தக்காளிச் சோறு, தேங்காய்ச் சோறு, எலுமிச்சை, எள்ளு, தயிர், கடைசியாக நெய் மிதக்கும் சர்க்கரைப் பொங்கல். தலைவாழை இலையின் ஓரத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றிலும் ஒரு கை அள்ளி அம்மா வைத்துக்கொண்டே வந்தார். நான் போதும் என்று இலையின் மேல் கையை நீட்டியதும், "புள்ளத்தாச்சி வேண்டாம்னு சொல்லக் கூடாது கண்ணு, ஏழையும் ஒரு வாயாச்சும் தின்னோணும்" என்றார். சுற்றி முப்பது பெண்கள். எல்லோரும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு இரண்டு வாரம் முன்பு எனக்கு ரத்தச் சர்க்கரை 168 என்று வந்திருந்தது. வீட்டுக்காரருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். மாமியாரிடம் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. 29 வயதில் சர்க்கரை என்றால் ஊரில் என்ன பேசுவார்கள் என்ற பயம். ஏழையும் சாப்பிட்டேன். பொங்கலை இரண்டாவது தடவையும் வைத்தார்கள், அதையும் சாப்பிட்டேன். வளையல் போட்டு, ஆரத்தி சுற்றி, எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்த நேரத்தில் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு விரலில் குத்திப் பார்த்தேன். 211. புதுப் புடவையின் முந்தானையில் ஒரு சொட்டு ரத்தம் பட்டிருந்தது. அதை எச்சில் தொட்டுத் துடைத்துக்கொண்டு கட்டில் விளிம்பிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வயிற்றுக்குள் பாப்பா உருண்டுகொண்டிருந்தாள்.

எங்கள் பக்கம் எப்படி என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம் இது. பெயருக்குத்தான் கேரளம், மலை மறைவில் கிடக்கும் வறண்ட பூமி. பனையும் தென்னையும் நிலக்கடலையும். வீட்டில் பேசுவது தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம். பெண் எடுப்பதும் கொடுப்பதும் பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கம்தான். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால், இங்கே வாழ வந்த பெண் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ எல்லை தாண்டிப் போய், குழந்தை பிறந்து மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்துத் திரும்பி வருவாள். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம். ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி மாறுகிறது, நோட்டு மாறுகிறது, நோட்டில் எழுதுகிற மொழியும் மாறுகிறது. நான் எழுத வந்தது இதைப் பற்றித்தான்.

என் சர்க்கரையைக் கண்டுபிடித்தது பொள்ளாச்சிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடிக்கச் சொல்லி, சரியாக 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கர்ப்பகாலச் சர்க்கரை. இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. இப்படி எளிமையாக இருந்தால்தான் எல்லாப் பெண்களுக்கும் செய்ய முடியும் என்று பல வருடம் பேசியும் எழுதியும் வந்தவர் சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷையா. பட்டினியோடு வா என்றால் விடிகாலை பஸ் பிடித்து வருகிற கர்ப்பிணி பாதி வழியில் மயங்குவாள், நாளைக்கு வா என்றால் வரவே மாட்டாள். 2007-இல் தமிழ்நாடு அரசு இந்தப் பரிசோதனையைக் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. அவருடைய பிறந்தநாளான மார்ச் 10 தான் இப்போது கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாள். அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் என்னைப் போன்ற ஒல்லியான, கிறுகிறுப்புகூட இல்லாத பெண்ணை யார் சந்தேகப்பட்டிருப்பார்கள்?

சர்க்கரை ஏன் ஏறுகிறது என்பதைப் பிற்பாடுதான் விளங்கிக்கொண்டேன். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. குழந்தைக்கு எந்நேரமும் தீனி போய்க்கொண்டிருக்க வேண்டுமே. பெரும்பாலான பெண்களுக்குக் கணையம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சுரந்து சமாளித்துவிடும். சிலருக்கு முடியாது. தாயின் சர்க்கரை நஞ்சைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும், இன்சுலின் தாண்டாது. அதனால் வயிற்றுக்குள் இருக்கும் குழந்தை தன் சின்னக் கணையத்தாலேயே இன்சுலினைச் சுரந்து தள்ளி, வருகிற சர்க்கரையையெல்லாம் கொழுப்பாக்கி வைத்துக்கொள்ளும்.

கட்டுச்சோறு முடிந்த அன்று சாயங்காலமே என்னை அழைத்துப் போனார்கள். ராத்திரி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. "மத்தியானமே சொல்றதுக்கென்ன?" என்றார். மறுநாள் காலையில் அடுப்படியில் போய் அன்னக்கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, "எத்தனை வைக்கோணும், சொல்லு" என்று நின்றார்.

ஐந்து கரண்டி இரண்டாயிற்று. அதைக் குறைத்ததைவிட அந்த இடத்தில் எதை வைப்பது என்பதுதான் பெரிய வேலை. கொங்கு வீட்டில் அதற்குக் குறையில்லை: கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு கடைசல், தட்டைப்பயறுக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், நாட்டுக்கோழி முட்டை. முதலில் பொரியலையும் பயறையும் பாதிக்கு மேல் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றில் கை வைப்பேன். அரிசியும் பருப்பும் சேர்த்து வடிக்காமல் பொங்குகிற எங்கள் அரிசிம்பருப்புச் சோற்றில், பருப்பைக் கூட்டி அரிசியைப் பாதியாக்கினார் அம்மா. மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறாகப் பிரித்தோம். பதினோரு மணிக்கு ஒரு கை வேர்க்கடலை, நாலு மணிக்குச் சுண்டல், படுக்கப் போகும் முன் சர்க்கரை போடாத பால்.

இரண்டு விஷயத்தில் அம்மாவுக்கும் எனக்கும் வாக்குவாதம் வந்தது. ஒன்று, கருப்பட்டி. "அது மருந்துக்குச் சமானம், அதுல சர்க்கரை ஏறாது" என்று அவர் அடித்துச் சொன்னார். குத்திப் பார்த்துக் காட்டினேன், ஏறத்தான் செய்தது. பனையோ தென்னையோ கரும்போ, ரத்தத்துக்குள் போனால் எல்லாம் சர்க்கரைதான். இன்னொன்று, ராகி. கேழ்வரகு நல்லதுதான், சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் உண்டு. ஆனால் நைஸாக அரைத்த மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஒரு சொம்பு குடித்தால் சோற்றைப் போலவே சரசரவென்று ஏறுகிறது. அதே ராகியை ஓர் அடையாகத் தட்டி, முருங்கைக்கீரை போட்டு, பக்கத்தில் பயறு வைத்துச் சாப்பிட்ட நாளில் மீட்டர் அமைதியாக இருந்தது. அம்மா இதைத் தன் கண்ணால் பார்த்த பிறகு பேச்சை விட்டார். பழத்திலும் அப்படித்தான். கொய்யாவைக் கடித்துத் தின்றேன், ஜூஸை நிறுத்தினேன்.

"இரண்டு உசுருக்குச் சாப்பிடு" என்று வருகிறவர்கள் எல்லோரும் சொன்னார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குக் கூடுதலாகத் தேவை என்று சொல்வது 350 கலோரி. ஏறக்குறைய இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், ஒரு டம்ளர் பால், அவ்வளவுதான். உண்மையில் கூடுதலாகத் தேவைப்படுவது புரதம், இரும்பு, சுண்ணாம்பு. இரும்பு மாத்திரையைக் காபியோடு விழுங்குகிற பழக்கம் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறது. காபி, டீ இரண்டுமே இரும்பை உடம்பில் ஏறவிடாது. கால்சியம் மாத்திரையையும் அதோடு சேர்த்துப் போடக் கூடாது. ஒன்று காலையில் என்றால் மற்றது ராத்திரி.

சாப்பிட்டு முடித்ததும் தென்னந்தோப்பு வரப்பில் கால் மணி நேரம் நடந்தேன். படுத்துக்கொள்ளச் சொன்ன பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு நடந்தேன். இரண்டு வாரத்தில் சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவு 120-ஐ ஒட்டி வந்துவிட்டது. இன்சுலின் தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தால் போட்டிருப்பேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சாப்பாட்டாலும் நடையாலும் மட்டும் அடங்காத சர்க்கரைக்கு மருந்தைத் தள்ளிப்போடுவது குழந்தைக்குச் செய்கிற கெடுதல்.

புரட்டாசியில் மகள் பிறந்தாள், அறுவை சிகிச்சையில். 3.9 கிலோ. "நல்லா கொழுகொழுன்னு, ராசாத்தி" என்று எல்லோரும் கைமாற்றிக் கைமாற்றிக் கொஞ்சினார்கள். பிறந்து கொஞ்ச நேரத்தில் ஒரு நர்ஸ் வந்து அவளுடைய குதிகாலில் குத்தினார். என் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது, பச்சைப் பிள்ளையைப் போய்க் குத்துகிறார்களே என்று. ஆனால் அந்த நர்ஸ் செய்ததுதான் சரி. கொடியை அறுத்ததும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடுகிறது. குழந்தை பழக்கத்தில் சுரந்துகொண்டிருக்கும் இன்சுலின் உடனே நிற்பதில்லை. சர்க்கரை தாழ்ந்து வலிப்புவரைகூடப் போகலாம். அதனால்தான் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கச் சொல்லி அவசரப்படுத்துகிறார்கள். என் மகளுக்கும் கொஞ்சம் தாழ்ந்துதான் இருந்தது. பால் கொடுத்ததும் சரியாயிற்று.

வீட்டுக்கு அனுப்பும்போது எனக்குச் சொன்னது ஒரே வார்த்தை: "புள்ள பொறந்தாச்சு, இனி சர்க்கரை போயிரும்." சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நஞ்சு விழுந்ததும் பெரும்பாலோருக்கு அளவு இறங்கிவிடும் என்பதும் உண்மைதான். எனக்கும் மூன்றாம் நாள் சரியாகவே இருந்தது. மீட்டரைப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். அம்மா சந்தோஷமாகப் பிரசவ மருந்து கிண்டினார். அப்புறம் மாமியார் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சேச்சி கொடுத்தனுப்பிய லேகியம் எல்லை தாண்டி வந்தது, அரைக் கிலோ டப்பாவில், பாதிக்கு மேல் கருப்பட்டி. பால் ஊற வேண்டும் என்று காலையும் மாலையும் நெல்லிக்காய் அளவு உருட்டி வாயில் போட்டார்கள். நாற்பது நாள் குனியாதே, நிமிராதே, நடக்காதே. கர்ப்பத்தில் மூன்று மாதம் பாடுபட்டுக் கட்டிய பழக்கமெல்லாம் அந்த நாற்பது நாளில் கரைந்தது.

பிரசவம் ஆகி 6 வாரத்தில், அதாவது 42-ஆம் நாள் வாக்கில், மறுபடியும் அதே 75 கிராம் குளுக்கோஸை, இந்தத் தடவை வெறும் வயிற்றில், குடித்துப் பார்க்க வேண்டும். அப்போது சரியாக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை. பொள்ளாச்சியில் என் விவரம் இருந்த தாளைப் பொறுத்தவரை பிரசவம் நடந்தது, கணக்கு முடிந்தது. கொழிஞ்சாம்பாறையில் வீடு வீடாக வருகிற சுகாதாரப் பணியாளர், எங்கள் ஆஷா சேச்சியின் நோட்டில் நான் 'பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள்'. ஐந்தாம் மாதம் திரும்பி வந்தபோது அவர் குழந்தையின் தடுப்பூசி அட்டையை வாங்கி ஒவ்வொரு கட்டமாகச் சரிபார்த்தார். குழந்தைக்கு ஓர் அட்டை இருந்தது. எனக்கு இல்லை. 42-ஆம் நாள் இந்தப் பக்கத்துக்கும் சேராமல் அந்தப் பக்கத்துக்கும் சேராமல் சோதனைச்சாவடிக்கு நடுவிலேயே விழுந்துவிட்டது.

2021-இல் காலில் ஒரு புண் ஆறாமல் இழுத்தது. பாலக்காட்டில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். வெறும் வயிற்றில் 164, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c 8.2 சதவீதம். "பிள்ளை உண்டாயிருந்தப்ப சர்க்கரை இருந்ததா?" என்று கேட்டார். எட்டு வருடத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். நான் தலையை ஆட்டினேன், பேச வரவில்லை. கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை வருவதற்கான வாய்ப்பு, வராத பெண்ணைப்போல ஏழு மடங்குக்கும் மேல் என்று அவர்தான் சொன்னார். 42-ஆம் நாளிலேயே தெரிந்திருந்தால் நடையும் அளவுச் சாப்பாடும் எடைக்குறைப்பும் அதைப் பல வருடம் தள்ளிப்போட்டிருக்கும். சிலருக்கு வராமலே தடுத்தும் இருக்கும். தாய்ப்பால் கொடுப்பதும் தாய்க்கு இதில் ஒரு காப்பு என்று அவர் சொன்னபோதுதான், இரண்டு வருடம் பால் கொடுத்ததாவது செய்தோமே என்று மனசு கொஞ்சம் ஆறியது.

அதற்குப் பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். என்னை உலுக்கியது ஒரு நோட்டின் கதை. இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் என்ற மாவட்டத்தில் 1911-இலிருந்து எதெல் மார்கரெட் பர்ன்சைட் என்ற தலைமைச் செவிலியரும் அவருடைய ஆட்களும் வீடு வீடாகப் போய், பிறந்த குழந்தையின் எடை என்ன, ஒரு வயதில் எடை என்ன, தாய்ப்பாலா புட்டிப்பாலா என்று பேரேட்டில் எழுதி வைத்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர் அந்தப் பேரேடுகளைத் தேடியெடுத்து, அந்தக் குழந்தைகள் வளர்ந்து என்ன ஆனார்கள் என்று பார்த்தார். எடை குறைவாகப் பிறந்த ஆண்கள் அதிகமாக மாரடைப்பில் இறந்திருந்தார்கள். 1989-இல் அதை வெளியிட்டார். அதற்கு இரண்டு வருடம் கழித்து, எடை குறைந்து பிறந்தவர்களுக்கு முதுமையில் சர்க்கரைக் கோளாறும் அதிகம் என்று அதே மாவட்டத்து ஆட்களை வைத்தே காட்டினார்கள். ஒரு செவிலியர் கையால் எழுதிய எண் எண்பது வருடம் தாங்கி நின்று உலகத்துக்கே புத்தி சொன்னது. என் 168 பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு வந்து சேரவில்லை.

படிக்கும்போது அம்மா நினைவுக்கு வந்தார். என்னை வயிற்றில் வைத்திருந்தபோது அவர் காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். காலையில் பழைய சோறு, ராத்திரி மிச்சம் இருந்தால் உண்டு. நான் பிறந்தபோது 2.2 கிலோ என்று அம்மிச்சி, அம்மாவின் அம்மா, சொல்வார்கள். வயிற்றுக்குள் பட்டினி கிடந்த குழந்தையின் உடம்பு, கிடைப்பதைச் சேர்த்து வைக்கப் பழகிக்கொள்கிறது. அதே உடம்பு பிற்பாடு வயிறு நிறையச் சாப்பிடும்போது தடுமாறுகிறது. புனேயில் டாக்டர் ரஞ்சன் யாஜ்னிக்கின் குழு கிராமத்துப் பெண்களைத் தொடர்ந்து கவனித்ததில், அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. எடையிலும் தசையிலும் இவ்வளவு குறைந்த நம் குழந்தைகளின் உடம்பில் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியாகத் தெரிந்த எனக்கு ஏன் வந்தது என்ற கேள்விக்கு அன்றைக்குத்தான் ஒரு பதில் கிடைத்தது. அம்மாவின் பட்டினி என்னிடம் வந்து, என் சர்க்கரை மகளிடம் போயிருக்கிறது. இதற்காக அம்மாவைக் குறை சொல்ல முடியுமா? கூலி குறைந்த காலத்தில் அவர் எதைத் தின்றிருக்க முடியும்? கர்ப்பிணி என்ன சாப்பிட்டாள் என்று கேட்கிறவர்கள் அவள் தட்டில் என்ன விழுந்தது, யார் சாப்பிட்ட பிறகு விழுந்தது என்றும் கேட்க வேண்டும்.

மகளுக்கு இப்போது 12 வயது. கர்ப்பத்தில் தாய்க்குச் சர்க்கரை இருந்த குழந்தைகளுக்கு உடல் பருமனும் சர்க்கரையும் வருகிற வாய்ப்பு கூடுதல் என்பது எனக்குத் தெரியும். அவளிடம் பயமுறுத்திச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போகிறாள், வீட்டில் பாட்டில் குளிர்பானம் வாங்குவதில்லை, என் தட்டும் அவள் தட்டும் ஒன்றுதான். வருடத்துக்கு ஒரு தடவை உயரமும் எடையும் இடுப்புச் சுற்றளவும் எடுத்து ஒரு நோட்டில் எழுதுகிறேன். முதல் பக்கத்தில் '3.9 கிலோ, தாய்க்குக் கர்ப்பகாலச் சர்க்கரை' என்று எழுதியிருக்கிறேன். அவளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை உண்டாகும் காலத்தில் எந்த ஊர் டாக்டரிடமும் காட்ட அது ஆகும்.

போன வருடம் என் ஓரகத்தி உண்டானாள். உடுமலைப் பெண். முதல் பரிசோதனையில் 118, ஏழாம் மாதம் தொடங்கும்போது 152. அவளுடைய கட்டுச்சோற்றுக்கு ஏழு போசியும் வந்தன, சடங்கை விடச் சொல்லவில்லை. இலையில் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி நுனி அளவு வைத்தேன், நடுவில் பச்சைப்பயறும் முட்டையும் வைத்தேன். அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று வந்திருந்த முப்பது பேருக்கும் கேட்கும்படி நானே சொன்னேன். ஒரு பாட்டி, "எம் மருமகளுக்கும் இருந்துச்சு சாமி, நாங்க வெளிய சொல்லலை" என்றார். அவர் சொன்னதும் இன்னும் இரண்டு பேர் வாயைத் திறந்தார்கள்.

உடுமலைக்குக் கிளம்பும் முன் அவளுடைய தாய் சேய் நல அட்டையின் பின் அட்டையில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைத்தோம்: பிரசவம் ஆகி 42-ஆம் நாள் குளுக்கோஸ் பரிசோதனை. இந்தச் சித்திரையில் அந்த நாள் வந்தது. விடிகாலையில் நானே உடுமலைக்குப் போனேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆய்வகத்துக்கு நடந்தோம். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, அவள் குளுக்கோஸ் தண்ணீரை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்து, 2 மணி நேரம் வேப்பமரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் குழந்தை இரண்டு தடவை பால் குடித்துத் தூங்கிப்போனான். சாப்பிடாமல் 98, குடித்த பின் 150. சர்க்கரை என்று சொல்கிற 200 இல்லை, ஆனால் 140-க்குள்ளும் இல்லை, நடுவில் நிற்கிறது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டர் சாப்பாட்டையும் நடையையும் விடாதே, ஆறு மாதம் கழித்து மறுபடியும் வா என்றார்.

அந்தத் தாளைப் போட்டோ எடுத்து ஆஷா சேச்சிக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டார். "ஞான் நோட்டில் எழுதி மோளே. துலாம் மாசம் ஞான் விளிக்காம்" என்றார். நோட்டில் எழுதிவிட்டேன் மகளே, துலாம் மாதம் நானே கூப்பிடுகிறேன் என்று அர்த்தம். நாம் ஐப்பசி என்பதைத்தான் அவர்கள் துலாம் என்கிறார்கள். ஓரகத்தியின் அம்மா சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரை எடுத்து, ஐப்பசி முதல் தாளைத் தேடி மடித்து வைத்தார்.